காகிதம் கொண்டுவர வேண்டியவர் யார்? இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் வம்சாவளிப் பிரஜை யார் என்று சொல்லும் 4, 5-ஆம் பிரிவுகளை எத்தனை முறை படித்தாலும் 'இந்தியர்' என்ற சொல்லோ 'தமிழர்' என்ற சொல்லோ கண்ணில் படாது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதுபோலத்தான் அவை எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை நடைமுறைக்கு வந்த 1948 நவம்பர் 15-க்குப் பிறகு, தேயிலை, ரப்பர் தோட்டங்களில் இருந்த பல லட்சம் பேர் எந்த நாட்டின் கணக்கிலும் இல்லாமல் போனார்கள். 1946 குடிசனக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' 7,80,000 பேர். நாட்டு மக்கள்தொகையில் 11.7 விழுக்காடு, அதாவது அன்றைய இலங்கைத் தமிழரைவிடச் சற்று அதிகம். இத்தனை பெரிய கூட்டத்தைப் பெயர் சொல்லாமலே ஒரு சட்டம் எப்படி வெளியே நிறுத்தியது, நிறுத்தியதைத் திருத்த ஏன் 55 ஆண்டு பிடித்தது என்பதே இந்த ஆய்வு.

சட்டத்துக்கு முந்தைய நிலை

19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வரவு தொடங்கியது. 1869-க்குப் பின் இலைத்துரு நோயில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பிவிடலாம். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பத்தோடு வந்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தங்கிவிடும் வாழ்க்கை உருவானது. ஊரில் ஆள் பிடிப்பது, முன்பணம் கொடுப்பது, கடனில் கட்டிவைப்பது எல்லாம் கங்காணியின் வேலை. அந்தக் கடனைக் குறித்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் ஆளைக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921-ல் ஒழிக்கப்பட்டது.

குடியேற்றம் ஒருவழியாக நின்றது 1939-ல். இலங்கை அரசு நாட்கூலி இந்தியர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கத் தொடங்கியதும், திறன்சாராத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடை செய்தது. அதே ஆண்டு ஜூலையில் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. இந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சட்டம் வந்த 1948-ல், தோட்டத்தில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் புதிதாக வந்து இறங்கியவர்கள் அல்லர்.

இவர்களுக்கு ஓட்டும் இருந்தது. 1931-ல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமை கொடுத்தபோது, நிரந்தரக் குடியிருப்பைக் காட்டிய இந்தியருக்கும் அது கிடைத்தது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 6 இடங்களை வென்றது. வேறு பல மலைநாட்டுத் தொகுதிகளில் தோட்ட ஓட்டு இடதுசாரிகளுக்குச் சாய்ந்தது. 95 தொகுதிகளில் 42 மட்டுமே வென்று, சுயேச்சைகளின் துணையோடு ஆட்சி அமைத்திருந்த டி.எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு இந்தக் கணக்கு தெளிவாகவே புரிந்திருக்கும். சட்டத்தின் நோக்கம் பற்றிப் பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். தேர்தல் முடிவைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அதிகம் விவாதிக்க ஒன்றுமில்லை என்பதே எங்கள் கருத்து.

4-ஆம் பிரிவு ஒரு லயத்துக்குள் என்ன செய்தது

1948 நவம்பர் 15-க்கு முன் இலங்கையில் பிறந்தவர் பிரஜையாக இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இலங்கைக்கு வெளியே பிறந்தவர் என்றால் நிபந்தனை இறுகும்: தந்தையும் பாட்டனும், அல்லது பாட்டனும் பூட்டனும். அந்தத் தேதிக்குப் பின் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை பிரஜையாக இருக்க வேண்டும். திருமணத்துக்குள் பிறந்த பிள்ளைக்குத் தாயின் பிறப்பிடம் எதற்கும் உதவாது. இந்தத் தந்தைவழி விதி 2003-ல்தான் மாறியது.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தாத்தா 1890 வாக்கில் திருச்சிப் பக்கமிருந்து கங்காணியோடு வந்தவர். தந்தை 1907-ல் பதுளைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். மகன் 1930-ல் அதே லயத்தில் பிறந்தவன். சட்டத்தை எழுத்துப்படி வைத்தால் மகன் பிரஜை, ஏனென்றால் அவனுடைய தந்தை இலங்கையில் பிறந்தவர். தந்தையோ பிரஜை அல்லர், ஏனென்றால் அவருடைய தந்தை இந்தியாவில் பிறந்தவர். ஒரே அறையில் படுத்து எழும் இருவரில் ஒருவர் சொந்த நாட்டவர், மற்றவர் அந்நியர்.

மகனுக்காவது கிடைத்ததா என்றால், அங்கேதான் சட்டத்தின் உண்மையான வேலை தொடங்குகிறது. தன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு தந்தையின் பிறப்பு அத்தாட்சியையும் அவன் காட்ட வேண்டும். இரண்டிலும் உள்ள பெயர் ஒரே ஆளுடையது என்றும் காட்ட வேண்டும். ஒன்றில் 'முத்து', இன்னொன்றில் 'முத்துசாமி', தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டில்) வேறு ஏதோ ஆங்கில எழுத்துக்கூட்டல். பதிவு செய்யப்படாத பிறப்புகள் ஏராளம். தந்தை தோட்டம் மாறியிருந்தால் பழைய பேரேட்டைத் தேடிப் போக வேண்டும். அதற்குத் துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், தயவு வேண்டும், ஒரு நாள் கூலியும் போகும்.

இன்னொரு சிக்கல் நம் வழக்கத்திலேயே இருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவோம். தாய்வீடு இராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ இருந்தால் தலைப்பிள்ளை இந்தியாவில் பிறக்கும். மூன்று மாதக் கைக்குழந்தையாகத் தோட்டத்துக்குத் திரும்பி வந்து அங்கேயே வளர்ந்து கிழவனானாலும், சட்டத்தின் கண்ணில் அவன் 'இலங்கைக்கு வெளியே பிறந்தவன்'. அவனுக்கு மட்டுமல்ல, அவனுடைய பிள்ளைகளுக்கும் 'தந்தை இலங்கையில் பிறந்தவர்' என்ற கதவு மூடிவிடும்.

இதே பிரிவுகள் சிங்களக் கிராமத்தானுக்கும் பொருந்தும். அவனிடமும் பாட்டனின் அத்தாட்சி கிடையாது. ஆனால் அவனிடம் யாரும் கேட்கவில்லை. சொற்கள் பொதுவாக இருந்தன, கேள்வி மட்டும் ஒரு பக்கமாகக் கேட்கப்பட்டது. இந்த வழக்கு முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு புள்ளி போதும்.

நீதிமன்றத்தில் எடுபடாத வாதம்

1949-ல் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதவரை வாக்காளர் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 3-ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பித்துப் பிரஜையாகும் வழியொன்றைத் திறந்தது.

சுதந்திரத்தின்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)-ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் தடை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. இதை வைத்துக் கோடாக்கன் பிள்ளை வழக்கு நடந்தது. ருவன்வெல்ல தொகுதியின் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. மேன்முறையீட்டை விசாரித்த திருத்த அதிகாரி, இந்தச் சட்டங்கள் செல்லாது என்றே தீர்ப்பளித்தார். 1951-ல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. 1953-ல், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், தன் பிரஜைகள் யார் என்று வரையறுப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் உரிய அதிகாரம் என்று கூறி அரசின் பக்கம் நின்றது. விண்ணப்பித்துப் பிரஜையாகும் வழியொன்று திறந்திருந்ததும் அரசின் வாதத்துக்குத் துணை நின்றது. அந்த வழி எப்படி இருந்தது என்று பார்த்தால் இதன் கசப்பு விளங்கும்.

வழியின் அகலம்

வதிவோர் சட்டப்படி, திருமணமானவர் 1946 ஜனவரி 1-க்கு முந்தைய 7 ஆண்டும், மற்றவர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்திருக்க வேண்டும். அதன்பின் விண்ணப்பிக்கும் நாள் வரையும் வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. வாழ்க்கை நடத்தப் போதிய வருமானம் வேண்டும். மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் உடன் வசித்திருக்க வேண்டும். விண்ணப்பக் காலம் 1949 ஆகஸ்ட் 5 முதல் 1951 ஆகஸ்ட் 5 வரை இரண்டே ஆண்டு.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் இதைப் புறக்கணித்தது. பிறப்புரிமையைப் பிச்சையாகக் கேட்பதா என்ற கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி மாதங்களில் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு படிவங்களை நிரப்பி அள்ளிக் கொடுத்தார்கள். மொத்தம் 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றுக்குள் 8,25,000 பேர். அவசரத்தில் நிரப்பிய படிவத்தில் தேதி பிசகும், பெயர் பிசகும், முன்பு வேறொரு காகிதத்தில் சொன்னதும் இதில் சொன்னதும் முரண்படும். விசாரணை அதிகாரிக்கு ஒரு முரண் போதும்.

எங்கே அதிகம் உடைந்தது? வசிப்பின் தொடர்ச்சியில். செக்ரோலில் பெயர் இல்லாத மாதங்கள் 'நாட்டில் இல்லாத' மாதங்களாகிவிடும், அப்போது பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்திருந்தாலும். மனைவி பிரசவத்துக்கோ மாமியார் நோய்க்கோ ஊருக்குப் போய்த் தங்கிவிட்டால், கணவனின் விண்ணப்பமும் சேர்ந்து விழும். குடும்பத் தலைவன் ஒருவனின் மறுப்பு நான்கைந்து பேரின் மறுப்பு. 1960-களின் தொடக்கத்தில் கணக்கெடுத்தபோது, கேட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினருக்கே பிரஜாவுரிமை கிடைத்திருந்தது.

இதற்கிடையில் 1948-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் பாக்கு நீரிணையைக் கடப்பதைக் குற்றமாக்கியது. 'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல் இந்தக் காலத்தது. அனுமதியின்றி வந்த சிலருக்கு ஒட்டிய அந்தப் பெயர், காகிதம் இல்லாத எல்லோருக்கும், பிறகு தோட்டத்துத் தமிழர் எல்லோருக்குமே ஒட்டிக்கொண்டது.

அரசியல் விளைவு உடனே தெரிந்தது. 1952 தேர்தலில் தோட்டத் தமிழரின் பிரதிநிதி ஒருவரும் நாடாளுமன்றம் போகவில்லை. ஆனால் தொகுதிகளைப் பிரிக்கும்போது ஓட்டில்லாத இவர்களின் தலைகளும் எண்ணப்பட்டன. 75,000 மக்களுக்கு ஒரு தொகுதி என்பது விதி, அந்த மக்களில் பிரஜை அல்லாதவரும் சேர்த்தி. ஆகவே மலைநாட்டில் ஓட்டுள்ளவரின் ஒவ்வோர் ஓட்டுக்கும் எடை கூடியது. வடக்கில் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்த விவகாரமும் முக்கியக் காரணம்.

பங்கு பிரித்தல்

இவர்கள் தங்கள் நாட்டவரல்லர் என்று இலங்கை சொன்னது. இந்தியாவும் இவர்களைத் தானாகத் தன்னவர் என்று ஏற்கவில்லை. இந்திய அரசியலமைப்பின் 8-ஆம் உறுப்பு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் விரும்பினால் தூதரகத்தில் பதிந்துகொள்ளலாம் என்றது. விரும்பாதவரை ஏற்கும் கடமை இல்லை என்பது நேருவின் நிலை. இலங்கைப் பிரதமர் கொத்தலாவலயுடன் செய்த 1954-ன் நேரு–கொத்தலாவல ஒப்பந்தம் இதை அசைக்கவில்லை.

நேரு மறைந்த ஆண்டிலேயே முடிவு வந்தது. 1964 அக்டோபர் 30, புதுதில்லி, இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர் 9,75,000 பேர் என்று வைத்துக்கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பின்னர் பார்க்கலாம் என்று பிரித்தார்கள். விகிதம் 7-க்கு 4. காலம் 15 ஆண்டு, அதாவது ஆண்டுக்கு 35,000 பேர் கப்பலேற வேண்டும். 1974 ஜனவரியில் மீதியைப் பாதிப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். எந்தக் கட்டத்திலும் மக்களின் பிரதிநிதிகள் கையெழுத்துப் போடும் மேசையில் இல்லை.

விகிதத்தை வைத்துவிட்டு விருப்பத்தைக் கேட்டது தான் பிழை. விண்ணப்பம் கோரியபோது கணக்கு தலைகீழாக வந்தது. இலங்கையைக் கேட்டவர்கள் 3,00,000-ஐ வெகுவாகத் தாண்டினார்கள். இந்தியாவைக் கேட்டவர்கள், 1974-க்குப் பின் 6,00,000 ஆகியிருந்த பங்குக்கு, காலக்கெடு நீண்டும் ஏறத்தாழ 5,06,000 பேர்தான். 1967-ன் நடைமுறைச் சட்டம் இந்தியா ஏழு பேருக்குக் குடியுரிமை கொடுத்தால் இலங்கை நான்கு பேருக்குக் கொடுக்கும் என்றது. 1971-ன் திருத்தம், ஏழு பேர் உண்மையில் நாட்டை விட்டுப் போனால்தான் நான்கு பேருக்கு என்று இறுக்கியது. ஒருவன் பிரஜையாவது, முகம் தெரியாத இன்னொருவன் கப்பலேறுவதைப் பொறுத்தது.

போகிறவரின் பாதை இது. கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தில் விண்ணப்பம், கடவுச்சீட்டு, இலங்கை விசா முடியும் தேதி, தோட்டத்தில் பேர் வெட்டு, சேமலாப நிதியும் (வருங்கால வைப்பு நிதி) பணிக்கொடையும் வாங்குதல், தலைமன்னாருக்கு ரயில். அந்த ரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். பிறகு கப்பல். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்துவிட்டதால் இறங்குமிடம் இராமேசுவரமானது. அடுத்தது மண்டபம் முகாம். ஒரு காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்த அதே மண்டபம். அங்கே குடும்ப அட்டை எழுதி, எந்தத் திட்டம் என்று ஒதுக்குவார்கள்.

மிகவும் அடிக்கடி உடைந்த கண்ணி சேமலாப நிதி. விசா தேதி முடியும், பணம் வந்திருக்காது. தேதி தாண்டினால் கைது செய்து ஏற்றிவிடுவார்கள், பணம் பின்னால் வரும் என்பார்கள். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்துக்கான உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் இலங்கை வாக்குக் கொடுத்திருந்தது. பலருக்கு அந்த வரம்பைத் தொடும் அளவுக்கே சேமிப்பு இல்லை.

தமிழ்நாட்டில் நீலகிரியில் 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் (பின்னர் டான்டீ) ஒரு பகுதியினருக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்தது. கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் சுள்ளியா, அந்தமானில் கச்சால் தீவு என்று ரப்பர் தோட்டங்களுக்கும் அனுப்பினார்கள். ஆனால் பெரும்பாலோருக்குக் கிடைத்தது 'வியாபாரக் கடன்'. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த கையில் சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்துக் கடை வை என்றால் என்ன ஆகும்? தரகர்கள் முகாம் வாசலிலேயே காத்திருந்தார்கள். கடன் கரைந்தபின் பலர் மலையைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போனார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு வைத்த பெயர் 'சிலோன்காரர்'.

மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் போனபின், 1984-ல் போரினால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏறத்தாழ 84,000 பேர் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். சட்டப்படி இந்தியர், நடைமுறையில் எங்கும் இல்லாதவர்.

கேள்வி திருப்பப்பட்டபோது

1986-ன் 5-ஆம் இலக்கச் சட்டம் இலங்கையின் பங்கான 3,75,000 பேரோடு, இந்தியாவின் பங்கில் விண்ணப்பிக்காத 94,000 பேரையும் சேர்த்து 4,69,000 பேருக்கு வழி செய்தது. 1988-ன் 39-ஆம் இலக்கச் சட்டம் சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) கொடுத்தால் போதும் என்று இன்னும் எளிதாக்கியது. ஆனால் காகிதத்தைக் கொண்டுவரும் சுமை இன்னும் தொழிலாளியிடமே இருந்தது.

2003-ன் 35-ஆம் இலக்கச் சட்டம்தான் முறையை மாற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர், அல்லது அவருடைய சந்ததியினர் என்றால் சட்டத்தின் பலத்திலேயே பிரஜை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டால் போதும். பாட்டன், பூட்டன், வருமானம், மனைவியின் பயணம் எதுவும் தேவையில்லை. தோட்டம் தோட்டமாக முகாம் போட்டார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு நடந்த இயக்கத்தில் பத்தே நாளில் 1,90,000 பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள். 1949-ன் சட்டம் பத்து ஆண்டுக்கு மேல் இழுத்தும் தராத எண்ணிக்கை அது. அதே மக்கள், அதே லயம். மாறியது படிவம்.

எஞ்சியவை

1946-ல் 11.7 விழுக்காடு இருந்த இந்தியத் தமிழர் 2012 கணக்கெடுப்பில் 4.1 விழுக்காடு, 8,39,500 பேர். நாடு கடத்தல் பெருங்காரணம். 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொள்வோர் கூடியதும் ஒரு காரணம்.

ஓட்டில்லாத முப்பது நாற்பது ஆண்டுகளில்தான் இலங்கையின் இலவசக் கல்வியும் கிராமக் குடியேற்றத் திட்டங்களும் வளர்ந்தன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, அந்த மண்ணில் வேலை செய்தவருக்கு மண் கேட்கும் தகுதியே இருக்கவில்லை. பிரஜாவுரிமை வந்தபின்னும் 1987-ன் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட இடம் தரவில்லை. வரிசை வீட்டுக்கு முன்னால் உள்ள பாதைக்குக் கல் போட 2018-ன் திருத்தம் வர வேண்டியிருந்தது.

இந்தியப் பக்கமும் கணக்கு முடியவில்லை. 2022-ல் டான்டீ தன் தோட்டங்களில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர் வீட்டை விட்டு எங்கே போவது என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. 1983-க்குப் பின் படகில் வந்த அகதிகளிலும் மலையகத்தார் உண்டு. இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் குடியேறி, அங்கிருந்து போரில் துரத்தப்பட்டவர்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். அதன்பின் முகாமில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2003 திருத்தம் கொண்டுவந்த 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறை, கடவுச்சீட்டில்லாமல் படகில் வந்த எல்லோர்மீதும் விழுந்தது. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டும் சொன்னது, இலங்கை அதில் இல்லை.

முகாமில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கேட்பவர்கள் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பிள்ளையின் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சி, திருமணப் பதிவு மூன்றும் வேண்டும். வழக்கமாகத் தடங்கல் வருவது இரண்டு இடத்தில். பெற்றோரின் திருமணம் முகாமில் கோயிலில் நடந்து பதியப்படாமல் இருக்கும். அல்லது தந்தையின் பெயர் இலங்கை அத்தாட்சியில் ஒரு விதமாகவும், முகாம் அட்டையில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். பெயர் மாறுபாட்டுக்குச் சத்தியக்கடதாசியை முதலிலேயே எடுத்து இணைத்துவிட்டால் ஒரு தடவைப் பயணம் மிச்சம்.